சரிகை சுற்றிய பியூஸ்

“நாலு ஒயர்தானே அண்ணே, இதுக்குப் போய் இவ்ளோ நேரமா?” என்று போன மாதம் ஒருவர் என்னைக் கேட்டார். செவிலிமேட்டில் புது வீடு கட்டியிருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை. பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றையும் இடுப்புயர ஸ்பீக்கர் இரண்டையும் எங்கிருந்தோ தேடிப்பிடித்து வாங்கி வந்திருந்தார். நல்ல மனிதர்தான், கேட்டதிலும் தவறில்லை. எனக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வேலையில் இருந்து நின்று, ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை போட ஆரம்பித்த பிறகும் இந்தக் கோபம் மட்டும் ஓய்வு பெற மாட்டேன் என்கிறது.

நடுவில் கொஞ்ச காலம் எல்லோரும் ஒயரே இல்லாத டப்பாக்களை வாங்கினார்கள். நம் தொழிலுக்குப் பால் ஊற்றியாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். இப்போது பழைய பெட்டிகளுக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. ஊரில் உள்ள மெக்கானிக் தம்பிகள் வாட்ஸப் குழுவில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “எபி அண்ணே, ஊட்டு செட்டுல ஸ்பீக்கர் மாட்றதப் பத்தி ஒருக்கா முழுசா எழுதி அனுப்புங்க.” எழுதுகிறேன். ஆனால் ஒயரைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வரவில்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு தறி வீடு குறுக்கே வந்து நிற்கிறது. அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஊர் தென்னேரி. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்த நிலம் கிடையாது, அடுத்தவர் கழனியில்தான் வேலை. நான் ஐ.டி.ஐ. முடித்து, வாலாஜாபாத்தில் ஒரு ரேடியோ கடையில் சாலிடர் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டு, காஞ்சிபுரத்தில் சிகாமணி சார் கடைக்கு வந்து சேர்ந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

சிகாமணி சாரை நல்லவர் என்று சொல்ல மாட்டேன். அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் டெஸ்டரைத் தூக்கி எறிவார், குறி தப்பாது. ஆனால் ஒரு செட் கடைக்கு வந்தால் அவர் நடந்துகொள்ளும் விதம் இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. முதலில் திறக்க மாட்டார். குனிந்து, மேல்மூடியின் துளைகளில் மூக்கை வைத்து முகர்ந்து பார்ப்பார். டிரான்ஸ்ஃபார்மர் கருகினால் ஒரு வாடை, டிரான்சிஸ்டர் போனால் ஒரு வாடை, எலி செத்திருந்தால் அது எல்லோருக்கும் தெரிந்த வாடை. பிறகு செட்காரரைப் பார்த்து, “கடைசியா இன்னா ஓடிச்சு? சாமிப் பாட்டா, குத்துப் பாட்டா?” என்று கேட்பார். குத்துப் பாட்டு என்றால் முதலில் ஸ்பீக்கரைக் கழற்றச் சொல்வார். சாமிப் பாட்டு என்றால் செட்டுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். முதுகுக்குப் பின்னால் நாங்கள் சிரிப்போம். ஆனால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

செட்காரர்கள் எல்லோருக்கும் ஒரு கேள்வி உண்டு. “யாரு சார் இதைக் கெடுத்தது? எங்க மச்சான் வந்து நோண்டினான், அவன்தானே?” சார் நிமிர்ந்தே பார்க்க மாட்டார். “இன்னா ஆச்சுன்னு சொல்லுவேன். யார் பண்ணதுன்னு எங்கிட்ட கேக்காதீங்க. அதுக்குத்தான் போலீஸ் ஸ்டேஷன் இருக்குது” என்பார். எங்களுக்கும் அதுதான் கட்டளை. வாடிக்கையை இழக்காமல் இருக்க வியாபாரி காட்டும் சாமர்த்தியம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை ஒரு பெரிய வீட்டுக்கு அவரோடு போனேன். அவர் வெளியே யாரிடமோ பேசிக்கொண்டிருக்க, நான் முதலில் போய்க் கதவைத் தட்டினேன். என் ஊரைக் கேட்டார்கள், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள், பிறகு ஆம்ப்ளிஃபயரை வாசலுக்குத் தூக்கிவந்து வைத்து “இங்கயே பாருபா” என்றார்கள். ஸ்பீக்கர் உள்ளே, செட் வெளியே. பழகிப்போன அவமானம்தான், நான் உட்கார்ந்து திருகாணியைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். பின்னால் வந்த சார் பார்த்தார். “பாட்டு உள்ள கேக்கணுமா, வெளிய கேக்கணுமா?” என்று கேட்டார். “உள்ளதான் சார்.” “அப்போ ஆளும் உள்ள வருவான்.” அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சார் பையை எடுத்துக்கொண்டு நடந்துவிட்டார். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவசரத்தில் நான் டெஸ்டரை அங்கேயே விட்டுவிட்டதற்காக வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டு வந்தார்.

இப்போது தம்பிகள் கேட்ட விஷயம். பிளக்கைச் சுவரில் இருந்து பிடுங்கிக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள், வீட்டில் யாராவது வந்து போட்டுவிடுவார்கள். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் எத்தனை ஓம் என்று எழுதியிருக்கும். ஸ்பீக்கரின் முதுகிலும் இருக்கும். ஸ்பீக்கருடையது ஆம்ப்ளிஃபயர் கேட்பதைவிடக் குறையக் கூடாது. சத்தம் அதிகம் வேண்டும் என்று ஒரே முனையில் இரண்டு ஸ்பீக்கரைச் சேர்த்து மாட்டுகிறவர்கள் உண்டு. அப்படி மாட்டினால் ஓம் பாதியாகிவிடும், செட்டுக்கு மூச்சு வாங்கும். ஒயரின் தோலைத் தேவைக்கு மேல் உரிக்க வேண்டாம். உரித்த இழைகளை நன்றாக முறுக்கி, ஒன்றுகூட வெளியே நீட்டாமல் செருகுங்கள். சிவப்பும் கறுப்பும் ஓர் இழை அளவுக்குத் தொட்டுக்கொண்டாலும் உள்ளே டிரான்சிஸ்டர் போய்விடும். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. நிறம் அழிந்த ஸ்பீக்கர் என்றால் ஒரு பென்சில் பேட்டரியை அதன் முனைகளில் லேசாகத் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று காகிதம் முன்னால் வந்தால், பேட்டரியின் கூட்டல் பக்கம் தொட்ட முனைதான் சிவப்பு.

எல்லாம் மாட்டிய பிறகு வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். ரிப்பேர் ஆகி வந்த செட் என்றால் நேராகக் கொடுக்காமல் ஒரு குண்டு பல்பு வழியாகக் கொடுங்கள். பல்பு ஒரு முறை மினுக்கி மங்கினால் சரி. பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே பிடுங்கிவிடுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது ஸ்பீக்கர் ஒயரைத் தொடவே கூடாது. பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும்.

காஞ்சிபுரத்துக்கு மட்டும் இன்னொன்று உண்டு. செட் வைக்கிற பலகையை முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். தறி வீட்டில் சரிகைத் துணுக்கு ஒட்டாத இடம் கிடையாது, தலைமுடியில்கூட இருக்கும். நல்ல சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றியது. அதில் கரண்ட் தாராளமாக ஓடும்.

இது தறிக்காரத் தெருவுக்கும் தெரியும், அதுதான் வினை. மற்ற ஊர்களில் பியூஸ் போனால் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகுவார்கள். எங்கள் ஊரில் சரிகை. நாலைந்து இழையைச் சேர்த்து போன பியூஸின் கண்ணாடிக் குழாய் மேலேயே சுற்றி மறுபடி போட்டுவிடுவார்கள். கடைக்கு வருகிற செட்டில் பியூஸ் மட்டும் கல்யாணப் பெண் மாதிரி மினுங்கும். நாங்கள் சொல்லாமல் இல்லை, கத்தியே சொல்லியிருக்கிறேன். “கடை பியூசு அடிக்கடி பூடுது அண்ணே. இது போவுறதே இல்ல” என்று சிரிப்பார்கள். அவர்கள் சிரித்தால் எனக்கு எரிச்சலாக இருக்கும், பியூஸை மாற்றிக் கொடுத்து அனுப்புவேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது இது. சிகாமணி சார் அப்போது உயிரோடு இல்லை. கடை அவர் மகன் கையில், வெளிவேலை எல்லாம் என் தலையில். வரதன் என்று ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். ஸ்டூலைக் காட்டியும் உட்காரவில்லை. அவருடைய அக்கா மகன் தாமோதரன் என்கிற தறிக்காரர், தீக்காயத்தோடு சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய் அங்கேயே இறந்துபோயிருந்தார். தறியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் பெட்டி தீப்பிடித்துக்கொண்டது என்று ஊரெல்லாம் பேச்சு. எங்கள் காதுக்கும் வந்திருந்தது.

“செட்ட வாங்கியாந்து மாட்டினது தாமோதரன் தம்பி குமாருபா. கம்பெனி வேலைக்குப் போறவன். அவன் தப்பா மாட்டினதாலதான் அண்ணன் எரிஞ்சுட்டான்னு எங்க அக்கா சொல்லிக்கினு இருக்குது. கொள்ளி வைக்கவே அவன உடல, பங்காளி பையன் வெச்சான். இப்போ கருமாதி வருது. செத்தவனுக்கு ரெண்டும் பொண்ணு, தம்பிதான் செய்யணும். அக்கா இன்னாடான்னா, அவன் ஊட்லயே இருக்கக் கூடாதுன்னு நிக்குது.”

“நான் வந்து இன்னா பண்ணணும் பெரியவரே?”

“பாத்து சொல்லு. அவன் மாட்டினது தப்புன்னா தப்புன்னு சொல்லிடு, நானே அனுப்பிடறேன். சரின்னா சரின்னு சொல்லு. பையன் சோறு துன்றதில்ல, வாயத் தொறக்கறதில்ல. அவனையும் பறிகுடுத்துடுவமோன்னு பயமா இருக்குதுபா.”

அவரோடு போனேன். முன் அறையில் குழித்தறி, நெய்கிறவர் தரைக்குழியில் காலை விட்டு உட்காருவார். சுவரெல்லாம் கரி. தறியில் நீளவாட்டில் கட்டியிருந்த பாவு நூல் பாதி இல்லை, மீதி சுருண்டு கிடந்தது. முடி பொசுங்கிய வாடை இன்னும் போகவில்லை, பட்டு எரிந்தால் அந்த வாடைதான். பட்டு சீக்கிரம் பற்றாது. ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்த பஞ்சு பற்றி, அதில் இருந்து ஜன்னலின் நைலான் திரை பற்றியிருக்கிறது. தாமோதரன் குழியில் இருந்து ஏறி வாசல் வரைக்கும் வந்துவிட்டாராம். தறியில் முடியப்போகிற கல்யாணப் புடவை இருந்தது. அதை அறுத்து எடுக்கத் திரும்பி உள்ளே போனார், எரிகிற திரை மேலே விழுந்தது என்றார் வரதன். அந்த நேரத்தில் தாமோதரனின் மனைவி அமுதா பிள்ளைகளை அழைத்துவரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள்.

நான் போனபோது தாமோதரனின் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அமுதா, மடியில் சின்னப் பெண் தூங்கிக்கொண்டிருந்தது. பின்கட்டு வாசலில் குமார் குந்தியிருந்தார். முகம் தாடிக்குள் இருந்தது. நான் வந்ததை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆம்ப்ளிஃபயர் எதிர்ச்சுவரின் பலகையில் இருந்தது. மூடி கறுத்திருந்தது, மற்றபடி தீ அங்கே எட்டவில்லை. வீட்டுக்கே கரண்ட் இல்லை, இருந்தும் பிளக்கைப் பிடுங்கி முன்னால் வைத்துக்கொண்டேன். பிறகு ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். கனமான செம்பு ஒயர். தறி மிதிக்கும் கால் படாதபடி சுவரோடு சுவராகக் கிளிப் அடித்து ஓட்டியிருந்தார் குமார். முனைகளை முறுக்கி, ஈயம் பூசி, ஓர் இழைகூட நீட்டாமல் செருகியிருந்தார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு, ஓம் கணக்கும் சரி. நான் மாட்டியிருந்தால்கூட இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பொறாமையாக இருந்தது.

எரிந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயில் என்கிற கம்பிச்சுருள் கரிக்கட்டையாகியிருந்தது. பாட்டு ஓடிக் கம்பிச்சுருள் இப்படிக் கருகாது. செட்டில் இருந்து நேர்க் கரண்ட் இறங்கினால்தான் இப்படி ஆகும். மூடியைக் கழற்றி மீட்டரை வைத்தேன். டிரான்சிஸ்டர் ஷார்ட். அதன் மேல் பட்டுத் தூசி மெத்தையாகப் படிந்திருந்தது. சூடு வெளியேறாமல் நாளாவட்டத்தில் செத்திருக்கிறது. பழைய செட்டில் இது நடக்கிற விஷயம்தான், யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அது ஷார்ட் ஆன உடனே பியூஸ் போயிருக்க வேண்டும். செட்டின் பின்பக்கம் பியூஸ் மூடியைத் திருகினேன்.

அப்போது தற்செயலாக அமுதாவைப் பார்த்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியைத் திருகுகிற என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்த பியூஸில் சரிகை, ஓர் இழைகூட அறுபடாமல் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றுகிற மாதிரி வரிசையாகச் சுற்றி, முனையை உள்ளே மடக்கி இழுத்து முடித்திருந்தார்கள். தினமும் தறிக்கு நூல் சுற்றுகிற கை அது.

சார் சொல்லிக்கொடுத்த மாதிரியே பேசினேன். “ஸ்பீக்கர் கனெக்ஷன்ல ஒரு தப்பும் இல்ல. இந்தத் தம்பி மாட்டினது ரொம்ப சரி. செட்டுக்குள்ள ஒரு பார்ட் போயிருக்குது, பழைய செட்டுல அது போவும். அது போன உடனே பியூசு கட்டாயிருக்கணும், ஆவல. பியூசு மேல சரிகை சுத்தியிருக்குது.”

“யாரு சுத்தனது?” என்று கேட்டார் தாமோதரனின் அம்மா.

“அது எனக்குத் தெரியாதுமா.”

குமார் அப்போதுதான் தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார், மடியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தார். “நான்தான் சுத்தனேன்” என்றார்.

பொய். ஒயர் முனைக்கு ஈயம் பூசுகிறவன் பியூஸில் சரிகை சுற்ற மாட்டான். தறி வேண்டாம் என்று கம்பெனிக்குப் போன கைக்கு அந்தச் சுற்று வராது. வரதன் என் கையில் இருந்து பியூஸை வாங்கிப் பார்த்தார். அவரும் தறிக்காரர்தான், அவருக்குத் தெரியாமல் இருக்காது. கையை மூடிக்கொண்டார், வாயையும் மூடிக்கொண்டார்.

“அப்போ நீதான்டா” என்றார் அந்த அம்மா. கத்தவில்லை. “எழுந்து போ. கருமாதிக்கும் வராத. எனக்குப் புள்ளயே இல்லன்னு இருந்துக்கறேன்.”

குமார் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்த மாதிரி எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். அவனைக் காப்பாற்றத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் உண்மையைச் சொன்னேன், அதை வைத்தே அவன் வெளியே போகிறான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தை இரண்டு பெண்களை வைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியின் தலையில் போய் விழும். யார் என்று சொல்லாதே என்ற சாரின் சட்டம் நியாயமா கோழைத்தனமா என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

குமார் நிலையைத் தாண்டப்போகும்போது அமுதாவின் குரல் வந்தது. “அவரு இல்ல அத்தை. நான் சுத்தனேன்.”

அவளே மேலே சொன்னாள். “பியூசு பூடுச்சு. குமாரு ஷிப்டுக்குப் போயிட்டிருந்தாரு. பாட்டு இல்லாம உங்க புள்ளைக்குத் தறியில கை ஓடாது, உங்களுக்கே தெரியும். தெருவுல எல்லாரும் சரிகை சுத்திக்கினுதான் இருக்கறாங்க, சுத்திக் குடுன்னாரு. அவருக்குக் கிட்டப் பார்வை சரியில்ல, அதனால நான் சுத்தனேன். நல்லாத்தான் பாடிக்கினு இருந்துச்சு.”

தாமோதரனின் அம்மா எட்டி, அமுதாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார். நாலு வசவு திட்டியிருந்தால்கூடத் தேவலை. குழந்தை விழித்துக்கொண்டு அம்மாவிடம் போக அழுதது. வரதன் வாசலுக்குப் போய்க் குமாரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

பிறகு நடந்ததெல்லாம் வரதன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கருமாதியைக் குமார்தான் செய்தார். அது முடிந்து அமுதா பெண்களோடு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போ என்று யாரும் சொல்லவில்லையாம், இரு என்றும் சொல்லவில்லையாம். குமார் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். கொஞ்ச நாளைக்கு அந்தத் தெருவே வந்து கடையில் பியூஸ் வாங்கியது. அப்புறம் அதே தெருவில் இருந்து ஒரு செட் ரிப்பேருக்கு வந்தது. பின்பக்கம் திருகிப் பார்த்தேன், சரிகை. அன்றைக்குச் சிகாமணி சார் மாதிரியே டெஸ்டரைத் தூக்கி எறிந்தேன், குறிதான் இல்லை.

தம்பிகளே, பழைய செட் எதைப் பார்த்தாலும் ஸ்பீக்கர் ஒயரைத் தொடுவதற்கு முன்னால் பியூஸைத் திருகிப் பாருங்கள். ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு, அந்த வீட்டில் நான் கடைசியாகப் பேசியதைச் சொல்ல வேண்டும்.

வரதன் குமாரை உட்காரவைத்த பிறகு நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். எப்படியாவது வெளியே போனால் போதும் என்று இருந்தது. அமுதா என்னைக் கூப்பிட்டாள்.

“அண்ணே. நான் கடை பியூசே போட்டிருந்தா அன்னிக்கி இன்னா ஆயிருக்கும்?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பழைய செட்டுமா, எதைப் போட்டிருந்தாலும் எரிஞ்சுதான் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அது பொய் என்று தெரிந்தவர் குமார் ஒருவர்தான். அவர் கண் என்னிடம் அந்தப் பொய்யைத்தான் கேட்டது. எனக்கும் சொல்லத்தான் ஆசை. ஆனால் மடி காலியாகும் என்று தெரிந்தே உண்மையைச் சொன்னவள் அவள். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“பாட்டு நின்னு போயிருக்கும்மா” என்றேன்.

“அவ்ளோதானா அண்ணே?”

“அவ்ளோதான்மா.”